“எதுக்குப் பொறந்தாரு?” – கிறிஸ்துமஸ் செய்தி கொடுக்கப்போகும் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர்களுக்கும், அருட்தந்தையருக்கும், கிறிஸ்துமஸ் ஆராதனையில் செய்தி கொடுக்க ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் ஊழியர் அனைவருக்கும்,

இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

நான் இறையியல் கல்லூரியின் வாசலை மிதித்தவன் அல்ல. நாற்பது ஆண்டுக்கு மேலாகக் கிறிஸ்துமஸ் பிரசங்கம் கேட்டவன். அதில் பெரும்பகுதியைத் தூங்காமல் கேட்டவன். இடையில் சில ஆண்டுகள் ஞாயிறு பள்ளியில் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். எனக்குள்ள தகுதி அவ்வளவுதான். எங்காவது வரம்பு மீறியிருந்தால், பின்வரிசைக்காரன் ஒருவனின் ஆதங்கம் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் 24 இரவை மருத்துவமனைப் பொது வார்டில் கழித்தேன். அப்பாவுக்குத் துணை. அவர் மாத்திரை மயக்கத்தில் தூங்கிவிட்டார். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர். மூக்கில் ஆக்சிஜன் குழாய், முதுகுக்கு மூன்று தலையணை. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் உட்கார்ந்தபடியே விழித்திருந்தார். என் மடியிலிருந்த வேதாகமத்தைப் பார்த்துவிட்டு, “நாளைக்கு உங்க சாமி பொறந்த நாளு, இல்ல தம்பி? நல்லாயிருங்க” என்றார். நன்றி சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, சும்மா பேச்சுக்குக் கேட்பவர்போல, “எதுக்குப் பொறந்தாரு?” என்றார்.

“உலகத்துக்குச் சமாதானம் தர வந்தாருங்க ஐயா” என்றேன். சுவரில் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கோ குண்டு விழுந்து இடிந்த கட்டடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை ஒரு பார்வை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. “அன்பைப் போதிக்க வந்தாரு” என்று மாற்றிச் சொன்னேன். “அதத்தான் எல்லாப் பெரியவங்களும் சொல்லியிருக்காங்களே தம்பி” என்றார். குத்தலே இல்லை அந்தக் குரலில். அதுதான் கூடுதலாகச் சுட்டது.

நாற்பது ஆண்டு கேட்ட பிரசங்கங்கள் இரண்டே வாக்கியத்தில் தீர்ந்துபோயின.

கவனித்துக் கேட்காதது என் குற்றம்தான் என்று முதலில் நினைத்தேன். பிறகு நினைவில் இருந்த கிறிஸ்துமஸ் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். சாஸ்திரிகள் மூன்று காணிக்கை கொண்டுவந்தார்கள், நீ என்ன கொண்டுவந்தாய்? மேய்ப்பர்கள் உடனே போனார்கள், நீ ஏன் தாமதிக்கிறாய்? சத்திரக்காரன் இடம் கொடுக்கவில்லை, உன் இருதயத்தில் இடம் உண்டா? எல்லாம் நல்ல கேள்விகள்தான். ஆனால் எல்லாவற்றிலும் வேலை செய்யவேண்டியவன் நான், கொடுக்கவேண்டியவன் நான், ஓடவேண்டியவன் நான். தேவன் என்ன செய்தார் என்பது முன்னுரையிலேயே முடிந்துபோகிறது. பண்டிகைக்கு வந்தவன் வீட்டுப்பாடத்தோடு திரும்பிப் போகிறான்.

(சத்திரக்காரன் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். லூக்கா 2ஆம் அதிகாரத்தில் அப்படி ஒருவரே கிடையாது. “சத்திரம்” என்று நம் வேதாகமத்தில் இருக்கும் இடத்தில் மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் கட்டலூமா. கடைசி இராப்போஜனம் நடந்த அறைக்கும் லூக்கா அதே சொல்லைத்தான் போடுகிறார். வீட்டின் விருந்தினர் அறையாகவும் இருக்கலாம். நல்ல சமாரியன் கதையில் வரும் சத்திரத்துக்கு அவர் போடுவது வேறு சொல். அங்கே சத்திரத்தானும் உண்டு, இரண்டு பணம் வாங்கிக்கொள்கிறான். பெத்லகேமில் இல்லாத மனிதரை இத்தனை நூற்றாண்டாகத் திட்டித் தீர்த்துவிட்டோம். ஞாயிறு பள்ளி நாடகத்தில் அந்த வேடம் போட்டு அழுத ஒரு பையனை எனக்குத் தெரியும். போகட்டும்.)

தேவதூதன் யோசேப்பிடம் சொன்ன பெயரிலேயே அந்தப் பெரியவர் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. எபிரேயத்தில் யோசுவா என்பதும் இயேசு என்பதும் ஒரே பெயர். கர்த்தர் இரட்சிக்கிறார் என்று பொருள். அக்கால யூத வீடுகளில் சர்வசாதாரணமான பெயர். தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அதனால்தானோ என்னவோ, தூதன் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை, காரணத்தையும் சேர்த்தே சொல்கிறான்: “ஏனெனில் அவர் தமது ஜனங்களின் பாவங்களை நீக்கி அவர்களை இரட்சிப்பார்.” மத்தேயு 1:21. அந்த “ஏனெனில்” ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே ஒரு முழுச் செய்தி கொடுக்கலாம். பெயர் சூட்டும்போதே இன்ன வேலைக்கு வந்தவர் என்று எழுதி ஒட்டிவிட்டார்கள்.

அந்த வேலை யாரும் எதிர்பார்த்த வேலையாகவும் இல்லை. யோசேப்பு வாழ்ந்தது ரோமரின் பிடியில் இருந்த நாட்டில். குடிமதிப்பு எழுதும் கட்டளைக்காக மக்கள் சொந்த ஊர் தேடி அலைந்த காலம். மீட்பர் வருகிறார் என்று அன்று யாரிடம் சொல்லியிருந்தாலும், “ரோமனிடமிருந்தா?” என்றுதான் கேட்டிருப்பார்கள். அதிலும் “இரட்சகர்” என்ற பட்டத்தை ரோமன் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தான். கி.மு. 9இல் ஆசியா மாகாணத்தார், அதாவது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியினர், தங்கள் ஆண்டுத் தொடக்கத்தையே ரோமப் பேரரசன் அகுஸ்துவின் பிறந்தநாளுக்கு மாற்றிக்கொண்டார்கள். பிரியேனே நகரில் கிடைத்த கல்வெட்டு அதைச் சொல்கிறது. அவனை இரட்சகன் என்கிறது. அந்தத் தேவனின் பிறந்தநாளே உலகத்துக்கு நற்செய்தியின் தொடக்கம் என்கிறது. இப்போது லூக்கா 2ஐத் திறந்து பாருங்கள். முதல் வசனத்தில் அகுஸ்துராயன். பத்தாம் வசனத்தில் நற்செய்தி. பதினோராம் வசனத்தில் இரட்சகர். அரண்மனைச் சொற்களை எல்லாம் தூக்கிக்கொண்டுபோய், இரவுக்காவலில் இருந்த ஆட்டிடையர் நடுவில் வைக்கிறார் லூக்கா. அந்த இரட்சகரைக் கண்டுபிடிக்க அவர்களுக்குக் கொடுத்த அடையாளமோ, துணியில் சுற்றி முன்னணையில் கிடத்திய ஒரு பிள்ளை.

முன்னணை என்றால் என்ன என்று ஒருமுறை வகுப்பில் கேட்டேன். தொட்டில் என்றார்கள் பாதிப் பிள்ளைகள். ஒரு பெண் தலையணை என்றாள், “அணை” இருக்கிறதே என்று. மாட்டுக்குத் தீனி போடும் தொட்டி என்று சொன்னதும் வகுப்பே முகம் சுளித்தது. “எச்சில் இருக்காதா சார்?” என்றான் ஒருவன். இருக்கும். விளிம்பில் வைக்கோல் ஒட்டியிருக்கும், நக்கி நக்கி நடுவில் வழவழப்பாகியிருக்கும். அழகான பழைய சொல்லாக இருப்பதால் அந்த நாற்றம் நமக்கு எட்டுவதில்லை. பிள்ளைகளுக்கு எட்டிவிட்டது.

எதிலிருந்து மீட்கிறார்? இந்த இடத்தில்தான் பிரசங்கிகள் வழுக்குகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. ஒரு சாரார் “பாவம்” என்ற சொல்லையே தொடுவதில்லை. பண்டிகை நாளில் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். இன்னொரு சாரார் தொட்டால், அது ஒரு பட்டியலாகிவிடுகிறது. குடி, புகை, சூது. அந்தப் பட்டியலில் தன் பெயர் இல்லாதவன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறான். அடிக்கடி அது நான்தான்.

நம் மொழியில் இந்தச் சொல்லுக்கு ஒரு விசித்திரம் உண்டு. ஆலயத்துக்குள் “பாவம்” என்றால் குற்றம். வெளியே வந்து, அடிபட்டுக் கிடக்கும் ஒருவனைப் பார்த்தால் “ஐயோ, பாவம்!” என்கிறோம். அங்கே அது இரக்கம். குற்றத்தைக் குறிக்கும் சொல்லே இரக்கத்தையும் குறிக்கிறது. இது எப்படி வந்தது என்று மொழியறிஞர் சொல்லட்டும். எனக்கு இதில் கிறிஸ்துமஸ் கேட்கிறது. நம் பாவத்தைப் பார்த்த தேவன் “பாவம்!” என்றார். இரண்டில் ஒன்றை மட்டும் பிரசங்கித்தால் மடல் பாதி கிழிந்தாற்போல. குற்றத்தை மட்டும் சொன்னால் நீதிமன்றம். இரக்கத்தை மட்டும் சொன்னால், அடிபடாதவனுக்குக் கட்டுப்போடும் வேடிக்கை.

ஏதேனில் விழுந்த மனிதனைத் தேடிவந்து தேவன் முதலில் கேட்டது, “நீ எங்கே இருக்கிறாய்?” என்று. “என்ன செய்தாய்?” என்பது பிறகுதான் வருகிறது. முதல் கவலை ஆளைக் காணோம் என்பது. மரங்களுக்கு நடுவில் ஒளிந்திருந்தவனைத் தேடிய அந்தக் குரல்தான் பெத்லகேமில் மாம்சமாகிறது என்று சொல்லிப் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லாதவனும் நிமிர்ந்து உட்காருவான். ஒளிந்திருப்பது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

“மீட்பு” என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். அடகு வைத்ததை மீட்கிறோம். வெள்ளத்தில் சிக்கியவனையும் மீட்கிறோம். ஒன்றில் விலை கொடுக்கிறோம், மற்றதில் உயிரைப் பணயம் வைத்து இறங்குகிறோம். மாற்கு 10:45இல் இயேசு தம் வருகைக்குச் சொல்லும் காரணத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அநேகரை மீட்கும்பொருளாகத் தம் ஜீவனைக் கொடுக்க வந்தாராம். இறங்கினவரே விலை.

2010இல் சிலி நாட்டில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆகஸ்ட் 5ஆம் தேதி அட்டகாமா பாலைவனத்துச் சான் ஹோசே சுரங்கம் இடிந்து 33 பேர் உள்ளே அகப்பட்டார்கள். ஏறத்தாழ 700 மீட்டர் ஆழம். உயிரோடு இருக்கிறார்களா என்றே 17 நாள் தெரியவில்லை. பிறகு ஒரு துளைக்கருவி அவர்கள் இருந்த இடத்தை எட்டியது. அதன் நுனியில் கட்டி அவர்கள் அனுப்பிய காகிதம் மேலே வந்தது. அந்தக் கை அகலத் துளை வழியாக நீளக் குழாய்களில் உணவும் மருந்தும் கடிதங்களும் இறங்கின. அந்தக் குழாய்களுக்குப் “புறா” என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். கடிதம் பெரிய ஆறுதல்தான். ஆனால் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு எவரும் 700 மீட்டர் ஏறிவிட முடியாது.

அக்டோபர் 12 இரவு, மனித உடம்பு நுழையுமளவே அகலமான ஒரு கூண்டைப் புதிதாகத் துளைத்த வழியில் இறக்கினார்கள். முதலில் மேலே வந்தவர் யார் என்றே உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு மறக்காமல் இருப்பது முதலில் கீழே போனவர். மானுவேல் கொன்சாலெஸ் என்ற மீட்புப் பணியாளர். வெளியே வந்துவிட்டவரல்ல, வெளியே இருந்தவர். அவசியம் எதுவும் இல்லாமல் அந்தக் கூண்டில் ஏறி, 33 பேர் துடித்துக்கொண்டிருந்த வெக்கைக்குள் இறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்து பணியாளர் இறங்கினார்கள். சிக்கியவர்களை ஒவ்வொருவராக வார் கட்டி அனுப்பினார்கள். கடைசித் தொழிலாளியும் போனபின், கூட வந்தவர்களையும் அனுப்பிவிட்டு, கொன்சாலெஸ் கடைசி ஆளாகக் கூண்டில் ஏறினார்.

தீர்க்கதரிசிகள் மூலம் கடிதங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு நாள் ஆளே இறங்கி வந்தார். கிறிஸ்துமஸை ஒரு சிறுவனுக்கு விளக்க இதைவிட நெருக்கமான படம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் உவமையை இழுத்துக்கொண்டே போகாதீர்கள் ஐயா, இரண்டு இடத்தில் அறுந்துவிடும். அந்தத் தொழிலாளிகள் தங்கள் தவறால் அங்கே சிக்கவில்லை. ஒவ்வொருவரும் வெளியே வரத் துடித்தார்கள். நாமோ வழியை நாமே மூடிக்கொண்டு, இருட்டுக்குப் பழகி, வந்தவரையே சந்தேகப்பட்டவர்கள். ரோமர் 5இல் பவுல் நம்மைச் சத்துருக்கள் என்றே சொல்கிறார். இரண்டாவது, கொன்சாலெஸ் உயிரோடு மேலே வந்தார். அதற்காக நன்றி. பெத்லகேமில் இறங்கியவர், தாம் மட்டும் ஏறும் வழியை விட்டுவிட்டு, இறந்து நம்மை ஏற்றினார்.

எதற்கு ஆளே வரவேண்டும், மேலிருந்தே மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு இதற்கு ஒரு படத்தால் பதில் சொன்னார். பலகையில் தீட்டிய ஒருவரின் உருவம் அழுக்கேறி அழிந்துவிட்டது. பலகையைத் தூக்கி எறிய மனமில்லை. அப்போது என்ன செய்வது? யாருடைய உருவமோ அவரே மறுபடி வந்து எதிரில் உட்காரவேண்டும். அவரைப் பார்த்துத்தான் அதே பலகையில் மறுபடி தீட்ட முடியும். தேவசாயலில் உண்டாக்கப்பட்டோம், சாயல் அழிந்தது, சாயலுக்கு உரியவரே வந்து உட்கார்ந்தார். பலகையை எறிய மனமில்லாத அந்த மனம்தான் எனக்குக் கிறிஸ்துமஸ். வெறும் மன்னிப்பு அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும். உருவத்தைத் திருப்பித் தராது.

இன்னொரு மனக்குறை. சில செய்திகளைக் கேட்டுவிட்டு வெளியே வரும்போது, பிதா கோபத்தோடு கையை ஓங்கினார், குமாரன் குறுக்கே பாய்ந்து தடுத்தார் என்ற எண்ணமே மிஞ்சுகிறது. சிறுவயதில் எனக்கு அப்படித்தான் பதிந்தது; இயேசுவைப் பிடிக்கும், பிதாவைக் கண்டால் பயம். யோவான் 3:16ஐ மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே அப்படி நினைத்தேன் என்பதுதான் வேடிக்கை. தந்தது யார்? பிதா. அந்த வசனத்தைத் தமிழில் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். தேவன் என்று தொடங்குகிறது. பிறகு ஒரேபேறான குமாரன், விசுவாசிக்கிறவன் எவனோ, கெட்டுப்போகாமல், நித்தியஜீவன், தந்தருளி என்று எல்லாம் வந்து போய், கடைசியில்தான் வினைமுற்று வருகிறது: “இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்.” தமிழ் வாக்கியம் எழுவாயையும் பயனிலையையும் இரண்டு கரையில் வைத்துவிடுகிறது. தேவன் இந்தக் கரை, அன்புகூர்ந்தார் அந்தக் கரை, நடுவில் குமாரனைத் தந்தது. பாதியில் நிறுத்துகிறவனுக்குக் “கெட்டுப்போகாமல்” மட்டும்தான் காதில் விழும். பயமுறுத்தும் பிரசங்கம் அங்கே நின்றுவிட்ட பிரசங்கம். தயவுசெய்து வினைமுற்றுவரை போங்கள்.

அன்பு என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அந்தப் பெரியவர் மறுபடியும் “எல்லாரும் சொல்லியிருக்காங்களே” என்பார். ஆகவே அதன் செலவைக் காட்டுங்கள். நாற்பதாம் நாள் பிள்ளையை எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். லேவியராகமம் 12இன்படி தாய் செலுத்தவேண்டியது ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும். ஆட்டுக்குட்டிக்கு வழியில்லாதவர்களுக்கு ஒரு சலுகை உண்டு; இரண்டு காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு. லூக்கா எழுதியிருப்பது அந்தச் சலுகையைத்தான். ஏழ்மை என்ற வார்த்தையே அவர் போடவில்லை, புறாக்களை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். தேவாட்டுக்குட்டியைக் கையில் வைத்திருந்த தாயால் ஓர் ஆட்டுக்குட்டி வாங்க முடியவில்லை. அங்கேயே சிமியோன் என்ற பக்தர் பிள்ளையைக் கையில் ஏந்தி, என் கண்கள் உம்முடைய இரட்சணியத்தைக் கண்டது என்கிறார். கண்ட மறுநிமிடமே தாயிடம் திரும்பி, உன் ஆத்துமாவை ஒரு பட்டயம் உருவிப்போகும் என்றும் சொல்கிறார். ஆறு வாரக் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணிடம்! முன்னணைக்கும் சிலுவைக்கும் நடுவில் மூன்று மாத இடைவெளி விட்டுப் பண்டிகை நாட்காட்டி போட்டது நாம்தான். லூக்காவுக்கு அந்தப் பொறுமை இல்லை.

ஏரோது ராஜா கொன்ற பிள்ளைகளைப் பற்றியும் பேசுங்கள். அந்தப் பகுதியைக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் வாசித்துக் கேட்டதே அபூர்வம். காரணம் புரிகிறது, விளக்குகளுக்கு நடுவில் அந்த அழுகை பொருந்தாது. ஆனால் மத்தேயு அதை எடுத்துவிடவில்லை. மீட்க வந்தவரே எகிப்துக்குத் தப்பி ஓடுகிறார். பெத்லகேமில் இரண்டு வயதுக்குட்பட்டவை தப்பவில்லை. இஸ்ரவேலின் பழைய தாயான ராகேல் ஆறுதலடையாமல் அழுகிறாள். ஏன் அவைகளும் தப்பவில்லை என்பதற்கு மத்தேயு விளக்கம் தரவில்லை. நானும் தர மாட்டேன், நீங்களும் தராதீர்கள். அந்த ஆண்டு பிள்ளையைப் புதைத்துவிட்டு ஆராதனைக்கு வந்து, எல்லோரும் பாடும்போது வாயை மட்டும் அசைக்கும் ஒரு தாய் உங்கள் சபையில் இருப்பாள். தன் அழுகைக்கும் அந்தக் கதையில் இடம் இருக்கிறது, அதைத் துடைத்துவிட்டு அவர் வரவில்லை, அதற்கு நடுவில்தான் வந்தார் என்று அவளுக்குத் தெரியட்டும். அன்று தப்பிய பிள்ளை பிற்பாடு தப்பவேயில்லை என்பதும் தெரியட்டும்.

டிசம்பர் 25 சரியா தப்பா என்பதில் நேரத்தைக் கொட்டாதீர்கள். வேதாகமத்தில் தேதி இல்லை. ரோமில் கி.பி. 354இல் தொகுத்த ஒரு நாட்குறிப்பில் அந்தத் தேதி இருக்கிறது. அர்மீனியத் திருச்சபைக்கு ஜனவரி 6. பழைய ஜூலியன் நாட்காட்டி வைத்திருப்பவர்களுக்கு அதே டிசம்பர் 25 நம் ஜனவரி 7இல் விழுகிறது. மீட்புப் படை எந்தக் கிழமை வந்தது என்று மீட்கப்பட்டவர்கள் சண்டை போட்டால் எப்படி இருக்கும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வருகிறவர்கள் அன்று பின்வரிசையில் இருப்பார்கள். எப்போது எழுந்து நிற்பது, எப்போது உட்காருவது என்று பக்கத்து ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மருமகளுக்காக வந்தவர், நண்பன் கூப்பிட்டதால் வந்தவர், பாட்டுக்காக வந்தவர். அவர்களை “இன்றைக்காவது வந்தீர்களே” என்று குத்திக்காட்டாதீர்கள். அந்தச் சிரிப்பில் முன்வரிசை மட்டும்தான் கலந்துகொள்ளும். சபையின் ஆண்டறிக்கையும் கட்டட நிதியும் அடுத்த வாரம்வரை காத்திருக்கும். ஒரு கால்மணி நேரம், நீங்கள் என்ன செய்யவேண்டும் என்பதை விட்டுவிட்டு, அவர் என்ன செய்தார் என்று மட்டும் சொல்லுங்கள். காணிக்கை கேட்பதற்கு முன் கொடுக்கப்பட்டதைச் சொல்லுங்கள்.

அந்த இரவைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பெரியவர் கண்ணை மூடினார் என்றாலும் தூங்கவில்லை. விடிகாலை மூன்று மணி இருக்கும், “தம்பி” என்று கூப்பிட்டார். தண்ணீர் கேட்கிறார் என்று எழுந்து போனேன். தண்ணீர் வேண்டாம் என்று தலையாட்டினார். “தூங்குனா எந்திரிக்க மாட்டனோன்னு பயமா இருக்கு. சும்மா பக்கத்துல உக்காரு” என்றார். உட்கார்ந்தேன். கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன். ஊசி குத்திக் குத்திப் புறங்கை வீங்கியிருந்தது. குழாயில் காற்று வரும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. அப்படியே விடிந்தது.

எபிரெயர் 2ஆம் அதிகாரத்தை அதற்குமுன் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். பிள்ளைகள் மாம்சத்தையும் இரத்தத்தையும் உடையவர்களாயிருக்க, அவரும் அவர்களைப்போலவே ஆனாராம். எதற்கென்றால், ஜீவகாலமெல்லாம் மரணபயத்தினாலே அடிமைத்தனத்திற்குள்ளானவர்களை விடுதலை பண்ணுவதற்கு. பிறந்ததற்குக் காரணம் இவ்வளவு பச்சையாக எழுதியிருக்கிறது. வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததோடு நிற்காமல், நாம் எதைக் கண்டு தூங்கப் பயப்படுகிறோமோ அதற்குள்ளேயே போய் மறுபக்கம் வெளியே வந்தார். அன்று மூன்று மணிக்கு இந்த வசனம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. மறுநாள் மாலை வீட்டில் அப்பாவின் துணிகளை மடிக்கும்போது வந்தது. ஓடினேன் என்று சொல்ல மாட்டேன். அடுத்த நாள் போனேன். கட்டிலில் வேறொருவர் இருந்தார். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா என்று செவிலியரிடம் கேட்க நினைத்து, கேட்காமலே திரும்பினேன்.

அவர் வீட்டுக்குத்தான் போயிருந்தால், இந்த முறை உங்களில் ஒருவருடைய ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காரக்கூடும். மெலிந்த உடம்பு, மூச்சு வாங்கும், மெதுவாகத்தான் பேசுவார். ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
பின்வரிசைக்காரன் ஒருவன்